பூமுடக்கு

சென்ற வாரம் எங்கள் கல்லூரி விழாவுக்குத் தலைமை தாங்க வந்த பெரியவரின் மோட்டார் காரை மாணவிகள் செண்டுப்பூ மாலைகளால் அலங்கரித்திருந்தார்கள். வெயில் ஏற ஏற, இயந்திரச் சூட்டில் பூக்கள் வாடத் தொடங்கின; பெட்ரோல் நெடியும் செண்டுப்பூவின் கசந்த மணமும் ஒன்றாகக் கலந்து வாசலில் நின்றன. வரவேற்புப் பாட்டின் இரண்டாவது வரிசையில் இருந்த நான் பாட வேண்டிய இடத்தில் பாடாமல் நின்றுவிட்டேன். என் குரல் பக்கத்தில் நிற்பவளுக்கே கேட்காத குரல் என்பதால் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அடக்கமானவள் என்ற பெயர் எனக்கு இப்படித்தான் எளிதாகக் கிடைத்தது.

இந்த இரண்டு மணங்களும் கலந்து வீசிய இடம் ஒன்றை நான் முன்பே அறிவேன். சென்னைக்குப் படிக்க வந்த பிறகு அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. ஊர் எது என்று கேட்டால் 'இலங்கையில் பதுளை' என்பேன். கேட்டவர்கள் "அங்கே இயற்கைக் காட்சிகள் பிரமாதமாமே?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போய்ப் பதுளைக் கடைவீதியில் வியாபாரம் செய்த குடும்பம். அப்பா பங்கு பிரிந்தபின், பண்டாரவளையிலிருந்து வரும் ரோட்டில், ஹாலிஎலவுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் வாயிலில் தனியே கடை வைத்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கருவாடு, மண்ணெண்ணெய், வெல்லம், புதுத்துணியின் கஞ்சி எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை எங்கள் பாடப்புத்தகங்களில்கூட ஏறியிருந்தது. கடைவாசலில் நின்று பார்த்தால் மேலே ரோடு மலையை வளைத்துத் திரும்பும் முடக்கு தெரியும். முடக்குக்கு மேலே ஒரு சரிவு. கல்லும் பாறையுமாகக் கிடந்த அந்தச் சரிவில் தேயிலை வராது. அதனால், எந்தக் காலத்திலோ இருந்த ஒரு துரை, செத்தவர்களை அங்கே புதைத்துக்கொள்ளுங்கள் என்று தோட்டத்து ஆட்களுக்குக் கைகாட்டியிருந்தார்.

அந்த ஆட்களில் ஒருத்தி வீராயி அக்கா. கொழுந்து பறிப்பவள். அவள் மகள் பொன்னிக்கு என் வயது. கடையின் பின்கட்டுக்குள் பொன்னி வரக்கூடாது. ஆனால் கடைக்குப் பின்னாலிருந்த விறகுக் குவியலுக்கு நான் போகலாம். ஆகவே எங்கள் சிநேகிதம் முழுவதும் விறகின்மேல் அமர்ந்தே நடந்தது. நான் அப்போதே புத்தகத்தில் உள்ளதுபோலப் பேசுவேனாம். "என்ன பாப்பா, தபால்கார ஐயா தந்தி படிக்கிற மாதிரி பேசுறீங்க?" என்று அவள் என்னைச் சிரித்துச் சிரித்துக் கொல்வாள்.

முதல் மோட்டார் கார் எங்கள் ரோட்டில் வந்த நாளில் பொன்னி அதை வெகுநேரம் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாடும் இல்ல, சாணியும் போடல. இத வச்சிக்கிட்டு தொர என்ன செய்வாரு?"

கூலி வண்டிகளின் சாணியைப் பொறுக்கி வரட்டி தட்டுவது அவளுடைய மாலை நேர வேலை. அந்த வகையில் அது நியாயமான கேள்விதான்.

அவ்வருஷத்து மழையில் வந்த காய்ச்சலில் பொன்னி இறந்துபோனாள். ஆண்கள் அவளை முடக்கு மேட்டில் புதைத்தார்கள். கல் நடுவது, பெயர் எழுதுவது எல்லாம் அங்கே வழக்கமில்லை. பெரியவர்களின் குழிமேல் கல்வாழைக் கிழங்கையும், பிள்ளைகளின் குழிமேல் செண்டுப்பூ விதையையும் ஊன்றுவார்கள். அடக்கம் செய்வது ஆண்கள் வேலை. செடி வைப்பது மட்டும் பெண்கள் வேலை. கல்வாழை தானே கிழங்கு வைத்துத் தழைத்துக்கொள்ளும். செண்டு அப்படியல்ல, பூத்து முடிந்ததும் பட்டுப்போகும். காய்ந்த பூவிலிருந்து விதை எடுத்துவைத்துத் தாய்தான் மறுபடியும் தூவ வேண்டும். பிள்ளையைப் பெற்றவள் உள்ளவரை அந்த இடம் பூக்கும் என்பது அதன் பொருள் என்று இப்போது எனக்கு எழுதத் தோன்றுகிறது. அவர்கள் யாரும் பொருள் சொன்னதில்லை. விதையைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

பொன்னி கிடந்த இடத்துக்குத் தலைமாட்டில் யானை படுத்ததுபோல் ஒரு பாறை. அதன் நிழல் விழாத பக்கம், வீராயி அக்கா பாறையில் சாய்ந்து கையை நீட்டினால் விரல் தொடும் இடம். அவள் வேறு அடையாளம் வைத்துக்கொள்ளவில்லை. பாறைக்குக் கால் முளைக்கும் என்று யார் எண்ணுவார்கள்?

சில வருஷங்கள் கழித்து, கொழும்பில் மோட்டார் வைத்திருந்த துரைமார் சிலர் கூடி, மலைநாட்டு ரோடுகளில் எவை கண்ணுக்கு இனியவை என்று தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். கப்பலில் வந்திறங்கும் உல்லாசப் பிரயாணிகள் காரில் உட்கார்ந்தபடியே ஒரு நாளில் எதை எதைப் பார்க்கலாம், எங்கே நிறுத்தித் தேநீர் அருந்தலாம், எங்கே படம் பிடிக்கலாம் என்றெல்லாம் அவர்கள் அச்சிட்டார்கள். எங்கள் ரோடும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. நிறுத்திப் பார்க்க வேண்டிய இடங்களில் எண் எழுதிய பலகைகள் வந்தன. தோட்டத்து ஆட்கள் அதற்கு 'வேடிக்கை ரோட்டு' என்று பெயர் வைத்தார்கள். பெயரில் கேலி இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது. நம் ரோட்டைப் பார்க்கச் சீமையிலிருந்து வருகிறார்கள் என்றால் சும்மாவா?

பிறகு ரோடு மெல்ல மெல்ல எல்லோருக்கும் கட்டளையிடத் தொடங்கிற்று. கார்கள் வரும் நாட்களில் மாட்டுவண்டிகள் பகலில் ஓடக்கூடாது. ரோட்டுப் பக்கம் துணி உலர்த்தக்கூடாது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களுக்கு வெள்ளையடித்தார்கள், ரோட்டைப் பார்த்த சுவருக்கு மட்டும். மற்ற மூன்று பக்கமும் பழையபடி புகையேறிக் கறுத்தே நின்றன. நான் அந்த லயத்தைப் பின்பக்கமாகப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் முன்பக்கத்து வெள்ளை எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

கொழுந்து பறிப்பவர்களும் காட்சியில் சேர்க்கப்பட்டார்கள். கார் வரும் நாட்களில் காலையில் எல்லோரையும் கூட்டி நிறுத்தும் பெரட்டில் ஆள் பிரிக்கும்போதே, நல்ல நிறத்தில் சேலை கட்டிய பெண்களை ரோட்டோரத்து மலைக்கு அனுப்புவார்கள். முந்திய நாள்தான் அந்த மலையில் பறித்து முடித்திருப்பார்கள். செடியில் ஒன்றும் இராது.

"கொழுந்தே இல்லியேங்க, எதைப் பறிக்கிறது?" என்று ஒருத்தி கேட்க, கணக்கப்பிள்ளை சொன்னது எங்கள் கடைவரை கேட்டது: "இல்லாட்டி என்ன? கைய ஆட்டுங்க! அவங்க வேகமாத்தான் போவாங்க."

"அப்ப எங்க பேருல எத்தனை ராத்தல் போடுவீங்க? கைய ஆட்டுனதுக்கு?"

மலை முழுவதும் சிரித்தது. கணக்கப்பிள்ளையும் சிரித்தார். சிரிக்கத் தக்கதாகவே அது அப்போது இருந்தது.

அடுத்து ஒரு நாள், முடக்கு மேட்டைப் பூந்தோட்டமாக்க வேண்டும் என்று துரையின் உத்தரவு வந்தது. கார்களில் போனவர்கள் அங்கிருந்த பூக்கள் தானாகப் பூத்தவை என்று எண்ணி வியந்து, அச்சிட்டதில் அதையும் சேர்த்துவிட்டார்களாம். அந்தத் துரை புதியவர். அது என்ன இடம் என்று அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதிருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றியதுமில்லை. தோட்டத்தில் துரைக்குத் தெரியாதது என்று எதுவும் இருக்க முடியாதென்றே அவர்கள் நம்பினார்கள். எல்லாம் தவறிப்போனது அங்கேதான்.

பெரிய கங்காணி கோயில் வாசலில் நின்று அறிவித்ததை நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "எத்தினி தொரைங்க வந்தாங்க, போனாங்க. நம்ம செத்தவங்களுக்கு மரியாத பண்ணணும்னு நெனச்ச தொர இவரு ஒருத்தருதான்! எல்லாரும் போயி மேட்டைச் சிங்காரிக்கணும்."

போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் போனார்கள். துரை வீட்டுத் தோட்டக்காரன் கயிறு பிடித்து வரிசை காட்ட, குழிமேல் இருந்த கல்வாழைகளைத் தாங்களே பிடுங்கிப் பிரித்து நேர்கோட்டில் நட்டார்கள். விதை போதாது என்றபோது வீராயி அக்கா தன் முடிச்சை அவிழ்த்து அத்தனையையும் கொடுத்தாள். அன்று கடைக்கு வந்தவளின் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ஒரு குழிக்கு வச்சிருந்த விதை மொதலாளி, இப்ப மேடு பூராவும் பொன்னிதான்" என்றாள் அப்பாவிடம்.

அந்தப் பருவம் முழுவதும் முடக்கில் பெட்ரோலும் செண்டுப்பூவும் சேர்ந்து மணத்தன. கார்கள் நின்றன. துரைமார் குடை விரித்து நின்று படம் பிடித்தார்கள். ஒருமுறை ஒரு துரைசானி மேட்டில் ஏறிப் பூவொன்றைக் கிள்ளித் தன் தொப்பியில் செருகிக்கொண்டாள். ரோட்டோரத்து மலையில் வெறும் கையை ஆட்டிக்கொண்டிருந்த வீராயி அக்கா பக்கத்தில் நின்றவளைத் தோளில் இடித்தாள்.

"பாருடி! எம் மக பூவ தலையில வச்சிக்கிட்டுச் சீமைக்குப் போறாங்க!"

"உம் மக கப்பல் ஏறிட்டா. நாமதான் இன்னும் ஏறல" என்றாள் மற்றவள்.

பிரயாணிகள் உட்கார இடம் வேண்டும் என்று யானைப் பாறையை நெம்புகோல் போட்டு உருட்டி ரோட்டோரத்துக்குக் கொண்டுவந்து, மேல்முகத்தைச் செதுக்கி, வெள்ளை வர்ணத்தில் எண் எழுதினார்கள். வீராயி அக்கா அதை நின்று பார்த்தாள். அன்றைக்குச் செத்தவர்களுக்கான மரியாதை இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தது.

அடுத்த வருஷம் கார்கள் அதிகமாயின. ஒன்றை ஒன்று விலகி நிற்க முடக்கில் இடம் போதவில்லை. மேட்டை வெட்டி ரோட்டோடு சமப்படுத்தக் கயிறு கட்டி முளை அடித்தார்கள். முளைகள் பூக்களுக்கு நடுவே நின்ற அன்றுதான் லயத்துக்கு விஷயம் புரிந்தது. பெரிய கங்காணி அதற்குப் பிறகு சில நாள் கோயில் பக்கம் வரவில்லை.

லயத்து ஆட்கள் அப்பாவிடம் வந்தார்கள். அப்பாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். துரையிடம் பேசும்போது அந்தக் கொஞ்சமும் வராது என்பது வீட்டில் எங்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியம். இருந்தாலும் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வீராயி அக்காவும் இன்னும் சிலரும் பங்களா வாசலில் நின்றார்கள். நானும் போயிருந்தேன், யாரும் துரத்தாத அளவுக்குச் சிறியவள்.

துரை தமிழிலேயே கேட்டார். தோட்டம் கற்றுக்கொடுத்த தமிழ். "ஏன் முந்தி சொல்லல்லே? பூ வைக்கச் சொன்ன நேரம் ஏன் சொல்லல்லே?"

அப்பா வாய் திறக்குமுன் வீராயி அக்கா சொன்னாள்: "தொரைக்குத் தெரியும்னு நெனச்சோமுங்க. தெரிஞ்சுதான் பூ வைக்கச் சொல்றீங்கன்னு நெனச்சோமுங்க."

துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவரைக் கொடியவர் என்று எழுத முடிந்தால் எனக்கு இதை எழுதுவது எளிதாக இருந்திருக்கும். ரோடு தன் கையில் இல்லை, வேலை தொடங்கிவிட்டது, வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் தருகிறேன், எடுக்க வேண்டியதை எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கு மேல் அவரால் ஆகாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கடைவாசலைத் தாண்ட விடவில்லை. ஆனால் முடக்கு எங்கள் கண்ணுக்கு நேரே இருந்தது. காட்சிக்கென்று தேர்ந்தெடுத்த இடம் ஆயிற்றே. வரிசை வரிசையாகப் பூத்து நின்ற செடிகளுக்கு நடுவே அவர்கள் மண்வெட்டியோடு ஏறிப்போய், ஏறிய இடத்திலேயே நின்றார்கள். எந்தச் செடி யாருடைய குழி? தாங்களே பிடுங்கி, தாங்களே கயிறு பிடித்து நட்டது. கல்வாழை ஒவ்வொன்றும் நாலாய்ப் பிரிந்து நாலு இடத்தில் இருந்தது. பாறை இருந்த பள்ளம்கூட மழையில் தூர்ந்து அதன்மேலும் செண்டு பூத்திருந்தது.

"இங்கதான்டி."

"இல்ல, அது எங்க மாமன்."

"மாமன் மேல இருந்தாரு, கீழ இல்ல."

"கீழ எதுடி, மேல எது இதுல?"

தோன்றிய இடத்திலெல்லாம் வெட்டினார்கள். கிடைத்த எலும்புகள் பெரியவர்களுடையவை. யாருடையவை என்று பிரிக்க வழியில்லாமல் ஒரே சாக்கில் இட்டார்கள். வீராயி அக்கா மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் தோண்டினாள். மத்தியானத்துக்குமேல் பெருமழை பிடித்தது. வெட்டிய இடமெல்லாம் சேறாகிச் சரிய, ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கடைசியாக அவளை அவள் புருஷன் தோளைப் பிடித்து இறக்கிக் கூட்டி வந்தார். எங்கள் கடையைக் கடக்கும்போது அம்மா சுக்குக் காப்பியை நீட்டினாள். அக்கா அதை வாங்கிக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவள் கைபட்ட இடமெல்லாம் தம்ளரில் சிவப்பு மண்.

மறுநாள் ரோட்டு வேலையாட்கள் மேட்டை வெட்டத் தொடங்கினார்கள். வண்டி வண்டியாக மண் போயிற்று. ஒரு வண்டியின் பின்னால் வீராயி அக்கா நடந்துவந்து, கடைக்கு நேராக ஓவர்சியரை மறித்துக் கேட்டாள்.

"மண்ண எங்கங்கய்யா கொண்டு போறீங்க?"

"எங்க பள்ளமோ அங்க. ரோட்டு நெடுகத்தான்."

"நெடுகன்னா?"

"நெடுகன்னா நெடுகத்தான். தள்ளு, மாடு வருது."

கார்கள் குலுங்காமல் போக, அந்த மண்ணைக் கொண்டு மேலும் கீழும் ரோட்டின் குழிகளையும் ஓரங்களையும் நிரப்பி, மேலே கல் பரப்பி உருளை ஓட்டினார்கள். ஒரு வாரத்தில் ரோடு அழகாயிற்று. இதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும்; அது மிகவும் அழகான ரோடு.

அதற்குப் பிறகு வீராயி அக்கா ரோட்டில் கால் வைக்கவில்லை. லயத்திலிருந்து கடைக்கு, மலைக்கு, கோயிலுக்கு எங்கே போனாலும் ரோட்டுக்குக் கீழே தேயிலைக்குள் ஓடும் வடிகாலான கானுக்குள் இறங்கி, முழங்கால் நனைய நடந்தாள். கடைக்கு வந்தால் பின்பக்கத்து விறகுக் குவியலின் பக்கமாக வருவாள். முதலில் இளசுகள் சிரித்தார்கள். "அக்கா மீன் புடிக்கப் போகுது!" என்றான் ஒருவன். அவள் நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

"எம் மக எந்த எடத்துல கெடக்கிறான்னு சொல்லு. அந்த எடத்தைத் தாண்டி நடக்கிறேன். தெரியாதில்ல? அப்ப எதுல மிதிக்க?"

அவனுடைய தகப்பனும் அந்த மேட்டில் கிடந்தவர். மறுநாள் அவனும் கானில் இறங்கி நடந்தான். பிறகு மற்றவர்கள். கூடிப் பேசி முடிவெடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. சில மாதங்களில் தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதை ஒன்று விழுந்தது. மேலே கார்கள் ஓட, அதற்குக் கீழே தலைகள் மட்டும் தெரிய, கூடைகளோடு ஒரு லயமே நனைந்துகொண்டு போகும். அந்தக் காட்சியையும் காரில் வந்தவர்கள் படம் பிடித்தார்கள். 'தேயிலைக்குள் நீந்திச் செல்லும் பெண்கள்' என்பதுபோல் ஏதாவது அடியில் எழுதியிருப்பார்கள்.

நான் பதுளையில் பள்ளிக்கூடம், அதன் பின் சென்னை என்று விலகி வந்துவிட்டேன். ரயில் பதுளைவரை நீண்டது. பிரயாணிகள் ரயில் சன்னலிலிருந்தே மலைகளைப் பார்த்துக்கொண்டு போனார்கள். காரில் போகிறவர்களுக்கும் வேறு ரோடுகளை அச்சிட்டுக் கொடுத்தார்கள். எண் பலகைகள் சாய்ந்தன, பிறகு காணாமற்போயின. மேடு இருந்த இடத்தில் எவரும் புதிதாகப் பூ வைக்கவில்லை. தரை மொட்டையாகக் கிடந்தது. அந்தத் துரை மாறிப்போனார். அப்பா கடையை விற்றுவிட்டுப் பதுளைக் கடைவீதிக்கே திரும்பினார். தோட்டத்தில் விளைச்சல் குறைந்த வருஷத்தில் அந்த லயத்து ஆட்களைக் குறைத்து வேறு தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். வீராயி அக்கா குடும்பம் எங்கே போனது என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. மொனராகலைப் பக்கம் என்றார் ஒருவர்; அக்கா முன்பே செத்துவிட்டாள் என்றார் இன்னொருவர். இறந்திருந்தால் அவள்மேல் கல்வாழை வைக்க யாராவது இருந்தார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சென்ற விடுமுறையில் பண்டாரவளையிலிருந்து பஸ்ஸில் வந்தபோது முடக்கில் இறக்கிவிடச் சொன்னேன். அங்கே என்ன இருக்கிறது என்று பஸ்காரர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அது சரியான விடைதான். இறங்கியதும் ரோட்டைவிட்டு ஓரம் சரிந்து, தேயிலைக்குள் அந்த ஒற்றையடிப் பாதையைத் தேடினேன். ரோட்டைப் பற்றி நான் வைத்திருந்த ஞாபகமெல்லாம் அந்தப் பாதையைப் பற்றியதாகவே இருந்தது. தேயிலை இருபுறமும் தழைத்துச் சேர்ந்துகொண்டிருந்தது. நடப்பவர் இல்லையென்றால் பாதை என்ன செய்யும்? கானில் இறங்கிச் செடிகளை விலக்கிப் பார்த்தேன். இரண்டு எட்டுக்குமேல் வைக்க இடமில்லை.

அப்போது மேலே பேச்சுச் சத்தம் கேட்டது. புதிதாக இந்தியாவிலிருந்து வந்து சேர்ந்த ஆட்கள். தலையில் மூட்டைகள், ஊர்ச் சிரிப்பு இன்னும் மாறாத முகங்கள். ரோட்டின் நடுவே வரிசையாக வந்தார்கள். முன்னால் வந்தவள் இடுப்பிலிருந்த பெண்குழந்தையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள். பிறகு களைத்துப்போய் நின்று அதைக் கீழே இறக்கிவிட்டாள்.

"எறங்கி நட தாயி," என்றாள். "எவ்வளவு நல்ல ரோட்டு!"

குழந்தை இறங்கி நடந்தது.